ஜெயிக்காத கேப்டன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எப்போது பார்த்தாலும் தோனி, கோலி என்றே எழுதுகிறீர்கள். சென்னைக்காரர் வெங்கட்ராகவன் இந்தியாவுக்கு கேப்டனாக இருந்தார் என்று அப்பா சொல்கிறார். நிஜமா? எத்தனை மேட்ச் ஜெயித்தார்?

பதில்: நிஜம்தான். ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதீர்கள், முகம் வாடிவிடும். ஐந்து டெஸ்ட்டுக்கு கேப்டன், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இரண்டு தோல்வி, மூன்று டிரா. 1975, 1979 என்று முதல் இரண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் தலைமை. ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் கிழக்கு ஆப்பிரிக்கா என்ற அணியை. 1979ல், டெஸ்ட் அந்தஸ்துகூட கிடைக்காத இலங்கையிடமே தோற்றுவிட்டு வந்தோம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்தப் பதவி அவருக்கு வந்த விதமும் போன விதமும் இருக்கிறதே, அதைப் பார்க்காமல் தீர்ப்பு எழுத எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: கேப்டனாக இருந்தவரை அடுத்த மேட்ச்சிலேயே டீமை விட்டு எடுத்தார்களாமே, அப்படியும் நடக்குமா?

பதில்: நடந்தது. 1974 கடைசியில் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்திருந்தது. பெங்களூரு டெஸ்ட்டில் கேப்டன் பட்டோடிக்கு விரலில் அடி. சரி, கவாஸ்கர் பார்த்துக்கொள்வார் என்றால் அவருக்கும் விரல் போச்சு. கடைசியில் டெல்லி டெஸ்ட்டுக்கு வெங்கட்டைக் கூப்பிட்டார்கள். அங்கே விவ் ரிச்சர்ட்ஸ் என்ற பையன், அது அவனுக்கு இரண்டாவது டெஸ்ட், ஆட்டமிழக்காமல் 192 அடித்துத் தொலைத்தான். இன்னிங்ஸ் தோல்வி. பட்டோடி திரும்பி வந்தார், கல்கத்தாவில் வெங்கட் பன்னிரண்டாவது ஆள். போன மேட்ச்சில் டாஸ் போட்டவர் இந்த மேட்ச்சில் தண்ணீர் தூக்கினார். இன்றைக்கு இப்படி நடந்திருந்தால் ஒரு வாரத்துக்கு டிவியில் விவாதம் ஓடியிருக்கும்.

கேள்வி: 60 ஓவர் முழுக்க நின்று கவாஸ்கர் 36 ரன் எடுத்த மேட்ச்சுக்கு வெங்கட்தானே கேப்டன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பதில்: 1975 ஜூன் 7, லார்ட்ஸ். இங்கிலாந்து 334. நம்மவர்கள் 60 ஓவரும் ஆடி மூன்று விக்கெட்டுக்கு 132. கவாஸ்கர் 174 பந்தில் 36 நாட் அவுட், ஒரே ஒரு ஃபோர். இதில் கேப்டனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், மற்றவர்களையாவது அடிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் இந்தியா ஆடியிருந்த ஒருநாள் ஆட்டம் மொத்தமே இரண்டு என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். டெஸ்ட்டை ஒரே நாளில் சுருக்கி ஆடுகிற மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் அன்றைக்கு எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: விமானத்திலேயே பதவி போன கதையைக் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்.

பதில்: 1979 இங்கிலாந்துப் பயணம். கவாஸ்கர், ஆஸ்திரேலியத் தொழிலதிபர் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய கிரிக்கெட் பக்கம் போய்விடுவார் என்று ஒரு பேச்சு, அந்த நேரத்தில் தலைமை வெங்கட்டிடம் வந்தது. நான்கு டெஸ்ட், 0–1 என்று பின்தங்கிய நிலையில் கடைசி டெஸ்ட் ஓவலில். ஜெயிக்க 438. கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் முதல் விக்கெட்டுக்கு 213, கவாஸ்கர் மட்டும் 221. ஜெயித்தே விடுவோம் என்று இருந்த நேரத்தில் வெங்கட், நிதானமான விஸ்வநாத்தை உட்கார வைத்துவிட்டு, அடிக்கட்டும் என்று கபில்தேவை முன்னால் அனுப்பினார். கபில் பூஜ்யம். அப்புறம் ஒவ்வொருவராக நடையைக் கட்ட, வெங்கட்டே ரன் அவுட் ஆக, எட்டு விக்கெட்டுக்கு 429ல் நேரம் முடிந்துவிட்டது. ஒன்பது ரன்! அந்த ஒன்பது மட்டும் வந்திருந்தால் கபிலை அனுப்பியதைத் துணிச்சல் என்று எழுதியிருப்போம், நானே எழுதியிருப்பேன். ஊர் திரும்பும் விமானத்தில், இந்திய அணியின் புது கேப்டனாகத் தேர்வான கவாஸ்கருக்கு வாழ்த்துகள் என்று விமானி மைக்கில் அறிவிக்கிறார். பழைய கேப்டனும் அதே விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார். கவாஸ்கர் தகுதியானவர், சந்தேகமே இல்லை. ஆனால் தரையிறங்கிய பிறகு கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேள்வி: கேப்டன் கதை கிடக்கட்டும், பௌலராக எப்படி?

பதில்: கிண்டியில் இன்ஜினீயரிங் படித்த ஆஃப் ஸ்பின்னர். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்று அந்நாளில் பேர் பெற்ற சுழற்பந்து நால்வரில் ஒருவர். கஷ்டம் என்னவென்றால் பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின், இருவரில் ஒருவருக்குத்தான் பெரும்பாலும் இடம். 1965 முதல் 1983 வரை நீண்ட காலம் ஆடியும் டெஸ்ட் 57தான், விக்கெட் 156. வெஸ்ட் இண்டீஸை முதல்முதலாக நாம் வென்ற 1971 போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் அவருடையது. அதே வருஷம் ஓவலில் சோல்கர் பாய்ந்து விழுந்து இங்கிலாந்தின் ஆலன் நாட் கொடுத்த கேட்ச்சைப் பிடித்தாரே, அந்தப் பந்தும் இவர் போட்டதுதான். கேட்ச் படத்தில் பௌலரை யார் தேடுகிறார்கள்?

கேள்வி: சென்னைக்காரர் கேப்டனானால் டெஸ்ட் ஜெயிக்கவே முடியாதா சார்?

பதில்: இன்னொரு சென்னைக்கார கேப்டன் ஸ்ரீகாந்தை மனசில் வைத்துக் கேட்கிறீர்கள். 1989 பாகிஸ்தான் பயணம், நான்கு டெஸ்ட், நான்கும் டிரா. பாகிஸ்தானில் போய்த் தோற்காமல் வருவது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. வந்ததும் கேப்டன் பதவியோடு சேர்த்து அணியில் இருந்த இடமும் போய்விட்டது, ஏனென்றால் பேட்டில் ரன் வரவில்லை.

கேள்வி: வெங்கட் அம்பயராக நிற்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று தெரியாது.

பதில்: உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். 1993ல் ஆரம்பித்து 2004 வரை 73 டெஸ்ட்டில் நின்றார். ஆடியதைவிடப் பதினாறு அதிகம். 1999 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா, எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு ரன் வேண்டிய நேரத்தில் க்ளூஸ்னர் ஓட, டொனால்ட் ஓடாமல் நின்று, மட்டையையும் கீழே போட்டு, ரன் அவுட் ஆகி, மேட்ச் டை ஆனதே? அன்றைய இரண்டு அம்பயர்களில் ஒருவர் டேவிட் ஷெப்பர்ட், இன்னொருவர் நம் வெங்கட். யூடியூபில் இருக்கிறது, இந்த முறை பேட்ஸ்மேன்களை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள்.