கடற்காற்றும் வயலின் தந்தியும்: கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஏதேனும் ஒரு வாத்தியத்தையோ பாட்டையோ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் கூடுவது வழக்கம். எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் 31 ஆண்டுகளாக வயலின் பழகுகிறேன். வாசிக்கிறேன் என்று சொல்ல இன்னும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இம்முறை வந்தவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும், மழையால் வர முடியாமல் போனவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் ஆலைத் தொழிலாளி: ஐயா, எனக்கு 46 வயதாகிறது. ஷிப்டு வேலை. இனிமேல் வயலின் தொடங்கினால் விரல் வளையுமா?

இடக்கை விரல்கள் நான்கைந்து மாதங்களில் வழிக்கு வந்துவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வயதானபின் தொடங்குபவர்களைத் திணறடிப்பது வில் பிடிக்கும் வலக்கைதான். தந்தியில் விரலே வைக்காமல், வில்லின் அடி முதல் நுனி வரை எட்டு எண்ணிக்கைக்கு ஒரே சீராக இழுப்பதும், அதே எட்டுக்குத் திரும்பி வருவதும் சொல்வதற்கு எளிது. ஆனால் முதல் சில வாரங்களுக்கு எண்ணெய் காணாத கதவுக் கீல்தான் கேட்கும். சிறு பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. நமக்கோ முப்பது நாற்பது ஆண்டுகளாக நல்ல வயலினைக் கேட்டுப் பழகிய காது இருப்பதால், நம் கையிலிருந்து வருவதை நம்மாலேயே பொறுக்க முடிவதில்லை. எனக்குத் தெரிந்து பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது மாதத்தில்தான் விட்டார்கள். அந்த மாதத்தை எப்படியாவது கடந்துவிடுங்கள்.

ஷிப்டு மாறும்போது மணி பார்த்துப் பயிற்சி செய்வது நடக்காத காரியம். வேலையிலிருந்து வந்து குளித்த பின், சாப்பிட உட்காருவதற்கு முன், இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு எதுவானாலும் குளியலும் சாப்பாடும் மாறுவதில்லை அல்லவா? அந்த இருபதில் பத்து நிமிடத்தை வில்லுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை வாசியுங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் பாடம் தொடங்குவதைப் புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். வயலினுக்கு அதில் ஒரு தனி வசதி உண்டு. ஸ ரி க ம என்னும் நான்கு சுரங்களுக்கு இடையில் என்ன தூரமோ, அதே தூரம்தான் ப த நி ஸ என்பவற்றுக்கும் இருக்கிறது. ஸட்ஜத் தந்தியில் விரல்கள் படித்ததை அப்படியே பஞ்சமத் தந்திக்கு நகர்த்திவிடலாம்.

செம்மண்டலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், சார். கீழ்வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்.

தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் செருகும் ரப்பர் மியூட் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் எப்போதும் அதையே மாட்டி வாசித்தால் வில்லை அழுத்தும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறு மணி வாக்கில் அதைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். எந்த நேரம் தொந்தரவில்லை என்று கீழ்வீட்டு அம்மாவிடமே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு வாசிக்கும் ஓசைக்கும் கேளாமல் வாசிக்கும் ஓசைக்கும் அவர் காதில் வித்தியாசம் இருக்கும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் இளைஞர்: மெல்லிய தந்தி இரண்டே மாதத்தில் துருப்பிடிக்கிறது. தந்தியை முறுக்கும் பிருடை ஒரு சமயம் திரும்பவே மாட்டேன் என்கிறது, இன்னொரு சமயம் நிற்காமல் வழுக்குகிறது. வாத்தியம் மட்டமானதா, அண்ணா?

வாத்தியத்தைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. உங்கள் வீடு கடற்கரையில் இருக்கிறது. பிற்பகலில் திரும்பும் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. வெறும் எஃகுக் கம்பியான மெல்லிய தந்தி அதற்கு முதல் பலி. விரல் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். விரல் படும் இடத்துக்கு ஒரு துணி, வில் உரசும் இடத்தில் படியும், வில்லுக்குப் பூசும் ரோசின் தூளுக்கு வேறொரு துணி. இரண்டையும் கலந்தால் ரோசின் விரல்பலகைக்கு ஏறி, விரல் நகராமல் ஒட்டும். மருந்து டப்பாக்களிலும் புதுச் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் வயலின் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

பிருடை விஷயம் பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால் பிருடை இறுகிக்கொள்கிறது. கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்போது சுருங்கி வழுக்குகிறது. வழுக்கும்போது பிருடையைச் சற்று வெளியே இழுத்து, உராயும் இடத்தில் சாக்பீஸை லேசாகத் தேய்த்து, திருப்பும்போதே உள்நோக்கி அழுத்துங்கள். இறுகும்போது குறடு கொண்டு திருகினால் தலைப்பகுதியே விரிசல் விடும். பொறுமையாக முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுக்க வேண்டும். வில்லை ஒவ்வொரு முறையும் தளர்த்தி வைக்க மறவாதீர்கள். விறைப்பாகவே விட்டால் குச்சி வளைவை இழந்துவிடும்.

இந்த ஈரத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது, வெள்ளம் வந்தாலும் எட்டாது என்று வயலினைப் பரணில் ஏற்றி வைத்தேன். வெள்ளம் வரவில்லை, கூரை ஒழுகியது. மின்சாரமில்லாத அந்த நாள்களில் அதைத் திறந்து பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. பிறகு பார்த்தபோது மேற்பலகை ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. கண் கலங்கிப் போய்ப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், அவர் சிரித்துக்கொண்டே, ஒட்டு விட்டுக்கொடுத்ததால்தான் மரம் தப்பித்தது என்றார். வயலின்களை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப்பசையால். ஈரமும் சூடும் பட்டால் அது இளகும். இளகுவதுதான் அதன் நல்ல குணம், மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே ஒட்டு விட்டதென்று கடையில் விற்கும் வெள்ளைப் பசையை மட்டும் தடவிவிடாதீர்கள். அது விட்டுக்கொடுக்காது, அடுத்த கோடையில் பலகைதான் பிளக்கும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: என் மகள் பாடுகிறாள், கணவர் வயலின் வாசிக்கிறார். சேர்ந்து வாசித்தால் ஒருவருக்கொருவர் ஒத்துவரவில்லை. வீட்டில் சண்டையாக இருக்கிறது.

சண்டைக்குக் காரணம் சுருதியாகத்தான் இருக்கும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் மேல்நாட்டார் சி என்பது 1 கட்டை, டி 2, ஜி 5. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு. ஆண்கள் பொதுவாக 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். உங்கள் கணவர் தனியே வாசிக்கும்போது தமக்கு வசதியாக ஒரு சுருதி வைத்திருப்பார். மகள் அதில் பாடினால் மேல் ஸட்ஜத்தில் தொண்டை கிழியும், இல்லாவிட்டால் கீழே குரல் காணாமல் போகும். பாடுபவரின் குரலை வாத்தியத்துக்காக மாற்ற முடியாது. பிருடையைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். பக்கவாத்தியம் என்று ஏற்றுக்கொண்டபின் விட்டுக்கொடுக்க வேண்டியவர் உங்கள் கணவர்தான் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்: காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

கீர்த்தனைகளைக் கேட்டு மனத்தில் ஏற்றக் காணொளிகள் பெரிய உதவி. ஆனால் உங்கள் வலது கட்டைவிரல் விறைத்திருப்பதையும் தோள் மேலே ஏறியிருப்பதையும் காணொளியால் பார்க்க முடியாது. முதல் ஆறு மாதமாவது ஓர் ஆசிரியர் முன் உட்காருங்கள். அதன்பின் கண்ணாடி முன் உட்காரலாம். முறையாகச் சேர்ந்து படிக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், உங்கள் பக்கத்தில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளியும், 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் இருக்கின்றன.

பண்ருட்டியிலிருந்து தேவாரம் பயிலும் ஓர் அம்மையார்: தேவாரத்தை வயலினில் வாசிக்க ஆசைப்படுகிறேன், ஐயா. எதில் தொடங்கலாம்?

நீங்கள் இருக்கும் ஊரிலேயே தொடங்கலாம், அம்மா. சூலைநோயால் துடித்த அப்பர் தமக்கையார் திலகவதியாரிடம் வந்து, உங்களுக்கு அடுத்துள்ள திருவதிகையில் முதன்முதலாகப் பாடியது ‘கூற்றாயினவாறு’ என்னும் பதிகம். அதன் பண் கொல்லி. ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். சங்கராபரணத்தின் சுரங்களே என்றாலும் நவரோஜ் மேல் ஸட்ஜத்துக்கு ஏறுவதில்லை. கீழ்ப் பஞ்சமத்தில் புறப்பட்டு நடுப் பஞ்சமத்துக்குள் முடிந்துவிடும். நம் முறையில் தந்திகளை ஸ ப ஸ ப என்று சேர்க்கும்போது, இந்தச் சிறிய எல்லை முழுவதும் நடுவிலுள்ள இரண்டு தந்திகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கை மேலே நகர வேண்டியதே இல்லை. வலியில் ஒருவர் உரக்கக் கத்தாமல் தாழ்ந்த குரலில் முறையிடுவது போல அந்த ராகம் அந்தப் பதிகத்துக்குப் பொருந்தியிருப்பதாக வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அதற்கடுத்து எங்கள் ஊருக்கு வாருங்கள். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் ‘சொற்றுணை வேதியன்’ பாடித் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகம் காந்தார பஞ்சமம் என்னும் பண். இன்று கேதாரகௌளையில் பாடப்படுவது. இங்கே மேல் ஸ்தாயி வரை கை ஏற வேண்டும், ஆகவே ஓராண்டு கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு செய்தி: வில்லைத் திருப்பும் இடம் சீர் முடியும் இடமாக இருக்கட்டும். சொல்லின் நடுவே வில் திரும்பினால், பாட்டு தெரிந்தவர் காதில் அது திக்குவாயாகக் கேட்கும். அதனால் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் பதிகத்தை வாய்விட்டுப் பாடி மனப்பாடம் செய்துவிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஜூன் 21 இசை விழாவன்று நண்பனின் கிட்டாரோடு தெருவில் வாசிக்க வேண்டும் என்று ஆசை. கர்நாடக சங்கீதம் கெட்டுவிடும் என்கிறார் தாத்தா.

1982இல் பிரான்சில் தொடங்கிய அந்த விழா உங்கள் ஊர்த் தெருக்களுக்கும் வந்துவிட்டது. நம் சங்கீதத்துக்கு வயலின் வந்ததும் இதே போன்ற வழியில்தான் என்பதைத் தாத்தாவுக்கு நினைவூட்டுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அண்ணனோ அங்கே கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இயற்றினார். அவை சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை; கிட்டாரோடு சேர்த்து வாசிக்க உங்களுக்கு அவற்றைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

சுருதியை 5 கட்டையில் வையுங்கள். மேல்நாட்டு முறைப்படி சேர்த்த வயலினில் தடித்த தந்திகள் இரண்டும் அப்படியே ஸ, ப ஆகிவிடும்; மெல்லிய இரண்டை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். கிட்டாரிலும் ஜி, டி இரண்டுமே திறந்த தந்திகளாக இருக்கின்றன. மோகனம் வாசிக்கலாம். தோடியும் பைரவியும் வேண்டாம். நீங்கள் காந்தாரத்தை அசைக்கும்போது அவன் கிட்டாரின் விரல்பலகையில் பதித்த மெட்டுக் கம்பி அசையாமல் நின்று முறைக்கும். நீங்கள் இப்படிச் சுரத்தை அசைத்துக் கமகம் பிடிக்கும் இடங்களில் ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் மீட்டச் சொல்லுங்கள்.

முதுநகரிலிருந்து ஒரு தந்தை: ஏழு வயதுப் பையனுக்குப் பெரிய வயலினே வாங்கிவிட்டால் பின்னாலும் உதவுமே?

உதவாது, ஐயா. கையை முழுதாக நீட்டினால் உள்ளங்கை வயலினின் தலையைச் சிரமமில்லாமல் சுற்றிப் பிடிக்க வேண்டும், அதுவே அளவு. அரை, முக்கால் என்று சிறிய வயலின்கள் இருக்கின்றன. பழையதாகக் கிடைத்தால் போதும், வளர்ந்ததும் அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடலாம்.

திருவந்திபுரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: சமையல் செய்யும்போது மெட்டுகள் தோன்றுகின்றன, மாலைக்குள் மறந்துவிடுகின்றன.

சுரப்படுத்தும் வரை காத்திருக்காதீர்கள். அடுப்பைத் தணித்துவிட்டு, கைபேசியில் முதலில் ‘ஸா’ என்று உங்கள் சுருதியைச் சொல்லி, கையால் தாளம் தட்டிக்கொண்டே மெட்டை முனகிப் பதிந்துவிடுங்கள். சுருதி சொல்லாமல் பதிந்தவை எனக்கே பின்னால் எந்த ராகம் என்று விளங்காமல் போயிருக்கின்றன. மின்விசிறியை மட்டும் நிறுத்துங்கள். குக்கர் விசில் பரவாயில்லை.

வந்தவர்களில் மிக இளையவள், ஒன்பதாம் வகுப்பு மாணவி: தாத்தா, இத்தனை வருஷம் வாசித்தும் நீங்கள் ஏன் கச்சேரி செய்வதில்லை?

ஒரே ஒரு முறை செய்தேன், அம்மா. ஒரு கோயில் திருவிழாவில், வர வேண்டிய வயலின்காரர் வராததால் என்னை உட்கார வைத்தார்கள். கச்சேரியின் தொடக்கத்தில் வரும் வர்ணத்தின் முதல் காலம், அதாவது மெதுவான வேகம், நன்றாகவே போயிற்று. பாடகர் இரண்டாம் காலம் எடுத்தபோது என் வில் நடுங்கி, சுரங்களாகவே வரும் சிட்டை ஸ்வரப் பகுதியில் ஓர் ஆவர்த்தம், ஒரு தாளச் சுற்று, முழுவதும் சும்மா இருந்துவிட்டேன். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், மறுபடி சேர்ந்துகொண்டேன். அந்த வர்ணத்தின் இரண்டாம் காலத்தைத்தான் இன்று காலையிலும் ஐந்தரை மணிக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். சிட்டை ஸ்வரத்தின் கடைசி வரி இன்னும் சரியாக வரவில்லை. நீ வாய்ப்பாட்டு கற்கிறாய் அல்லவா? அடுத்த ஞாயிறு தாளம் போட வா.