ஒரே பண்டிகை, இரண்டு தேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல நாடுகளில் இருக்கும் எங்கள் அலுவலகக் குழுக்களுக்கு ஆண்டு விடுமுறை அட்டவணை தயாரிப்பது என் வேலை. 2026-க்காக இணையத்தில் எடுத்த பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஈஸ்டர் ஒன்றில் ஏப்ரல் 5, இன்னொன்றில் ஏப்ரல் 12. அமெரிக்காவில் ஜூலை 3 விடுமுறை என்கிறது ஒன்று, வேலைநாள் என்கிறது மற்றொன்று. சீனக் குழுவினர் 2025 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தார்கள். ஸ்வீடன் பட்டியலில் டிசம்பர் 24 இல்லவே இல்லை, ஆனால் சென்ற ஆண்டு அன்று அங்கே ஒருவரும் வேலைக்கு வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு எந்தத் தேதியைப் போடுவது? தவறே வராத அட்டவணை என்று ஒன்று போட முடியுமா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் எடுத்த பட்டியல்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவை விடையை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கை விட்டுவிடுகின்றன, சிக்கல் அதுதான். எந்த நாள்காட்டிப்படி, அறிவிப்பது யார், சனி ஞாயிறில் விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியாமல் வெறும் தேதியை வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும் இதே குழப்பம்தான்.

ஈஸ்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நீங்களே கணக்கிடலாம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். இந்தப் பௌர்ணமி வானத்தில் தெரிவதல்ல, திருச்சபையின் வாய்பாட்டில் இருப்பது. 2019-இல் இரண்டும் பிரிந்தன. வானியல்படி பார்த்தால் அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 24-இல் வந்திருக்க வேண்டும், கொண்டாடியது ஏப்ரல் 21-இல். ஆகவே பௌர்ணமி தேதியைப் பார்த்து ஊகிக்காதீர்கள், கணக்கைப் போடுங்கள். 1900 முதல் 2099 வரைக்கும் இது பொருந்தும்.

ஆண்டை 19, 4, 7 ஆகியவற்றால் தனித்தனியே வகுத்து மீதிகளை எழுதுங்கள். 2026-க்கு 12, 2, 3. முதல் மீதியை 19-ஆல் பெருக்கி 24 கூட்டி, 30-ஆல் வகுத்தால் வரும் மீதி நான்காவது எண். 228-உம் 24-உம் 252, மீதி 12. பிறகு இரண்டாம் எண்ணின் இரு மடங்கு, மூன்றாம் எண்ணின் நான்கு மடங்கு, நான்காம் எண்ணின் ஆறு மடங்கு ஆகியவற்றைக் கூட்டி, அதோடு 5 சேர்த்து, 7-ஆல் வகுத்த மீதி ஐந்தாவது எண். 4, 12, 72, 5 சேர்ந்து 93, மீதி 2. மார்ச் 22-உடன் கடைசி இரண்டு எண்களையும் கூட்டினால் மார்ச் 36, அதாவது ஏப்ரல் 5. விடை ஏப்ரல் 26 என்று வந்தால் 19 ஆக்குங்கள். ஏப்ரல் 25 என்று வந்து, நான்காம் எண் 28 ஆகவும் முதல் மீதி 10-க்கு மேலும் இருந்தால் 18 ஆக்குங்கள். 2049-இல் அப்படித்தான் வருகிறது.

ஏப்ரல் 12-உம் பிழையல்ல. கிரேக்கம், ருமேனியா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஈஸ்டரைப் பழைய ஜூலியன் நாள்காட்டிக் கணக்கில் பார்க்கின்றன. மேலே 24 வந்த இடத்தில் 15, 5 வந்த இடத்தில் 6 போட்டு, கிடைக்கும் விடையோடு 13 நாள் கூட்டுங்கள். 2026-க்கு மார்ச் 30, அதோடு 13 சேர்ந்து ஏப்ரல் 12. இரண்டு கணக்கும் சில ஆண்டுகளில் ஒரே நாளில் வந்து சேரும், 2025-இல் இரண்டுக்கும் ஏப்ரல் 20. அப்படியொரு ஆண்டின் அட்டவணையை மாதிரியாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்குத் தயாரிப்பவர்கள் கட்டாயம் தடுக்கி விழுவார்கள்.

ஈஸ்டர் கிடைத்துவிட்டால் பின்னால் ஒரு தொடரே கிடைக்கும். கார்னிவல் செவ்வாய் 47 நாள் முன்னால், புனித வெள்ளி 2 நாள் முன்னால், இயேசுவின் விண்ணேற்ற விழா 39 நாள் கழித்து, பெந்தகோஸ்தே திங்கள் 50 நாள் கழித்து. ஆனால் கொலம்பியாவில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் பல விடுமுறைகளைத் திங்களுக்குத் தள்ளுகிறது, அதனால் விண்ணேற்றம் அங்கே 43-ஆம் நாள். நாடு மாறினால் எண்ணும் மாறலாம்.

சந்திரப் புத்தாண்டில் கவனிக்க வேண்டியது கடிகாரம். அமாவாசை நேரும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றுதான், அது எந்தத் தேதியில் விழுகிறது என்பது ஊர் நேரத்தைப் பொறுத்தது. சீனாவின் நேரம் வியட்நாமைவிட ஒரு மணி முன்னால். 2007-இல் அந்தக் கணம் சீனாவில் நள்ளிரவு தாண்டிக் கால் மணி, வியட்நாமில் இரவு பதினொன்றேகால். அதனால் வியட்நாமின் புத்தாண்டான டெட் பிப்ரவரி 17-இல், சீனப் புத்தாண்டு 18-இல். 2030-இலும் இதே போல் ஒரு நாள் பிரியும். 1985-இல் அதிக மாதக் கணக்கும் சேர்ந்து பிரிந்ததால் வியட்நாமில் ஜனவரி 21, சீனாவில் பிப்ரவரி 20. 2026-இல் இரண்டும் பிப்ரவரி 17.

உங்கள் சீனக் குழுவினர் வேலைக்கு வந்த ஞாயிறு செப்டம்பர் 28-ஆக இருக்க வேண்டும். அங்கே நீண்ட விடுமுறை முழுவதும் கூடுதல் விடுமுறையல்ல, அருகிலுள்ள சனி ஞாயிறுகளை வேலைநாளாக்கி அந்த நாள்களை விடுமுறையோடு ஒட்டுகிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் 8 வரை ஓய்வு கொடுத்ததற்கு ஈடாகச் செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலைநாள். இந்த அறிவிப்பைச் சீன மத்திய அரசு முந்தைய ஆண்டின் பிற்பகுதியில், அண்மைக் காலமாக நவம்பரை ஒட்டி வெளியிடுகிறது. சீனாவுக்கு மட்டும் உங்கள் அட்டவணையில் ‘வேலை செய்யும் வார இறுதி’ என்று தனிப் பத்தி போடுங்கள்.

நோன்புப் பெருநாள்தான் உங்கள் கேள்விகளில் மிக முக்கியமானது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள், அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும். ரமலான் 29 நாளா 30 நாளா என்பதைப் பல நாடுகளில் அன்றைய பிறைதான் முடிவு செய்கிறது, எனவே தேதி முந்தைய மாலையில்தான் உறுதியாகும். துருக்கி கணக்கு வழியில் பல ஆண்டுகளுக்கு முன்பே தேதியை வெளியிட்டுவிடுகிறது, அங்கே முந்தைய நாள் பகல் ஒரு மணிக்கே அரை நாள் விடுமுறை தொடங்கிவிடும். ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள் என்பதால் சுமார் பத்து நாள் முன்பே தெரிந்துவிடும். நோன்புப் பெருநாளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே ஒரு தேதியை அச்சிட்டு உறுதி என்று சொல்லாதீர்கள். மார்ச் 20, 21 இரண்டையும் ‘பிறைக்கு உட்பட்டது’ என்று குறித்து, இரண்டு நாளுமே கெடு எதுவும் வைக்காமல் விடுங்கள். தன் பண்டிகை எந்த நாள் என்று ஓராண்டுக்கு முன்பே ஊழியர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை.

இனி வார இறுதி. ஜெர்மனியில் விடுமுறை சனி ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான், 2026 அக்டோபர் 3 சனி, அதற்கு ஈடு கிடையாது. சிங்கப்பூரில் ஞாயிறில் விழுந்தால் திங்கள் விடுமுறை, 2026-இல் தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு என்பதால் 9-ஆம் தேதியும் விடுமுறை. பிரிட்டனில் சனிக்கும் ஈடு உண்டு, டிசம்பர் 26 சனிக்குப் பதிலாக 28 திங்கள். ஜப்பானில் ஞாயிறுக்கு மட்டும் ஈடு உண்டு, அது அடுத்து வரும் விடுமுறையல்லாத நாள். 2026 மே 3 ஞாயிறு, 4-உம் 5-உம் ஏற்கெனவே விடுமுறை, அதனால் ஈடு 6-ஆம் தேதி புதனுக்குப் போகிறது. இரண்டு விடுமுறைகளுக்கு நடுவே ஒற்றை நாள் சிக்கினால் அதுவும் விடுமுறையாகிவிடும். செப்டம்பர் 21 முதியோர் நாள், 23 இலையுதிர்காலச் சமஇரவு நாள், ஆகவே 22-உம் விடுமுறை. இதைப் பல தானியங்கிப் பட்டியல்கள் தவறவிடுகின்றன.

ஜூலை 3 பற்றி இரண்டு பட்டியலுமே உண்மை சொல்கின்றன. 2026-இல் அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 சனி. சனிக்கிழமை விடுமுறைக்கு அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கு வெள்ளியன்று ஓய்வு. அந்நாட்டு மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வங்கிகள் அந்த வெள்ளியில் திறந்திருக்கும், ஆகவே பணப் பரிமாற்றம் நடக்கும். நியூயார்க் பங்குச் சந்தை மூடியிருக்கும். தனியார் நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நாட்டின் பெயர் மட்டும் எழுதினால் போதாது, ஊரும் வேண்டும். கோடை வங்கி விடுமுறை ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் 3, இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31. ஜெர்மனியில் ஆகஸ்ட் 8 அவுக்ஸ்பர்க் நகரத்துக்கு மட்டும் விடுமுறை. வார இறுதியே மாறும் இடங்களும் உண்டு. மலேசியாவின் கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் அது வெள்ளி சனி.

ஸ்வீடனுக்கு வருகிறேன். அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே 24-ஆம் தேதிதான். பொது விடுமுறைகளைச் சொல்லும் சட்டத்தில் அந்த நாள் இல்லை, ஆனால் ஆண்டு விடுப்புச் சட்டம் அதை ஞாயிறுக்குச் சமமாக வைக்கிறது. டிசம்பர் 31-க்கும், ஜூன் 19 முதல் 25-க்குள் வெள்ளியன்று வரும் நடுக்கோடை முந்தைய நாளுக்கும் அதே நிலைதான். 2026-இல் அந்த வெள்ளி ஜூன் 19. இந்த மூன்று நாள்களையும் ஸ்வீடன் பத்தியில் விடுமுறையாகவே குறித்துவிடுங்கள்.