பழைய வானிலைத் தரவுகளை எங்கே தேடுவது, எவ்வளவு நம்புவது?

வானிலை, காலநிலை, செயற்கைக்கோள் தரவுகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன என்கிறார்களே, துறை சாராத ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம், கிடைப்பதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இந்தக் காப்பகங்களோடுதான் என் வேலை. எனவே உறுதியாக ஒன்றைச் சொல்ல முடியும்: தரவோடு சேர்த்து ஒரு விளக்கக் கோப்பும் இருக்கும், பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. முதலில் அதைப் படியுங்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் மட்டுமே அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

தரையில் எடுத்த அளவீடுகள் வேண்டுமானால், அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையங்களின் காப்பகத்தில் தொடங்குங்கள். உலக வரலாற்றுக் காலநிலை வலையமைப்பு என்ற தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் அன்றாடப் பதிவுகள் இருக்கின்றன. ஏராளமான நிலையங்கள் மழையை மட்டுமே அளந்தவை. கோப்பில் மழை 253 என்று இருந்தால் அது 25.3 மில்லிமீட்டர்; வெப்பநிலையும் அப்படியே, பத்தில் ஒரு பங்கு அலகில் எழுதப்பட்டிருக்கும். -9999 என்று இருந்தால் அன்றைக்கு அளவீடு இல்லை என்று பொருள். இந்த எண்ணையும் சராசரியில் சேர்த்துவிட்டு, விடை ஏன் விபரீதமாக வருகிறது என்று கேட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விளக்கக் கோப்பின் முதல் பக்கங்களிலேயே இதற்கு விடை இருக்கிறது.

நிலையமே இல்லாத இடத்துக்குத் தகவல் வேண்டுமென்றால் மறுபகுப்பாய்வுத் தரவுகள் இருக்கின்றன. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் உருவாக்கிய ஈஆர்ஏ5 அவற்றில் புகழ்பெற்றது. 1940 முதல் இன்றுவரை, உலகம் முழுவதற்கும், மணிக்கு மணி, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிக் கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் காலநிலைத் தரவுக் களஞ்சியத்தில் பதிவு செய்துகொண்டால் போதும், கட்டணம் கிடையாது. ஆனால் இது அளவீடு அல்ல. நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள், பலூன்கள், செயற்கைக்கோள்கள் தந்த கவனிப்புகளை ஒரு கணினி மாதிரிக்குள் செலுத்தி, இடைவெளிகளை இயற்பியல் விதிகளால் நிரப்பிய வளிமண்டலச் சித்திரம். காற்றழுத்தம், வெப்பநிலை, பரந்த காற்றோட்டம் ஆகியவற்றில் இதை நான் மிகவும் மதிக்கிறேன். மழையில் எச்சரிக்கை தேவை. அதிலுள்ள மழை, அந்தக் கணினி மாதிரி குறுகிய நேரத்துக்குக் கணித்துத் தந்த மழை. ஒரே ஊரில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த பெருமழை 31 கிலோமீட்டர் கட்டத்துக்குள் பரவி மெலிந்துவிடும். ஒரு நாள் வெள்ளத்தைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் அருகிலுள்ள மழைமானியைத் தேடுங்கள். இன்னும் ஒன்று: இங்கே மழை மீட்டரில் இருக்கும், வெப்பநிலை கெல்வினில் இருக்கும், நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உங்கள் ஊரின் நாளும் கோப்பின் நாளும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை.

மூன்றாவது வகை செயற்கைக்கோள் படங்கள். லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அது முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலப்பரப்பின் படங்கள் தொடர்ந்து சேர்ந்துவருகின்றன. நெடுங்காலம் அவை விலைக்கு விற்கப்பட்டன. 2000-களில்கூட ஒரு படத்துக்குச் சுமார் 600 டாலர். அந்த விலையில் ஆய்வாளர் என்ன செய்வார்? மேகமில்லாத ஒன்றிரண்டு படங்களை வாங்கி, 'அன்று' 'இன்று' என்று ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். 2008-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை அந்தக் காப்பகம் முழுவதையும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதன்பின் கேள்விகளே மாறிவிட்டன. 2013-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹான்சன் குழுவினர் உலகக் காடுகளின் இழப்பையும் வளர்ச்சியையும் வரைபடமாக்கியபோது 6,54,178 லேண்ட்சாட் படங்களைப் பயன்படுத்தினார்கள். பழைய விலையில் அதற்கு 39 கோடி டாலர் ஆகியிருக்கும். யாரும் அந்த ஆய்வைத் தொடங்கியிருக்கவே மாட்டார்கள். காப்பகங்களைக் கட்டணமின்றித் திறந்துவைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இன்னும் கூர்மையானவை, 10 மீட்டர் வரை விவரம் தெரியும். அவற்றைப் பல ஆண்டுகளுக்குத் தொடராகப் பயன்படுத்துபவர்கள் ஒரு தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 2022 ஜனவரி 25. அன்றுமுதல் கணக்கிடும் முறை மாறி, ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டு வருகிறது. அதைக் கழிக்காமல் பழைய படங்களோடு ஒப்பிட்டால், பசுமைக் குறியீடு (தாவரங்களின் செழுமையைக் காட்டும் எண்) ஒரே நாளில் சரிந்து, உலகெங்கும் பயிர்கள் வாடிவிட்டதுபோல் தெரியும். சில தளங்கள் இதைத் தாங்களே சரிசெய்து தருகின்றன, சில தருவதில்லை. எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம்பகத்தன்மைக்கு வருகிறேன். இதற்கு ஓசோன் துளையின் கதையைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அண்டார்க்டிகாவின் ஹேலி ஆய்வு நிலையத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-களிலிருந்து தரையில் நின்றபடியே ஓசோனை அளந்துவந்தார்கள். வசந்தகாலத்தில் அது கடுமையாகக் குறைவதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் மூவரும் 1985-ல் வெளியிட்டார்கள். அப்போது நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதல் மேலேயிருந்து அதே ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. அதன் கணினி அந்தக் குறைந்த மதிப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டது என்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நடந்தது வேறு. 180 டாப்சன் அலகுக்கு (ஓசோனின் அளவைக் குறிக்கும் அலகு) கீழான மதிப்புகள் சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டன, ஆனால் அழிக்கப்படவில்லை. அதனால்தான் நாசா ஆய்வாளர்கள் அவற்றை மறுபடியும் ஆராய்ந்து, இழப்பு ஒரு நிலையத்தின் தலைக்குமேல் மட்டும் நிகழவில்லை, அண்டார்க்டிகாக் கண்டம் முழுவதையும் தழுவியது என்று 1986-ல் காட்ட முடிந்தது. ஐயத்துக்குரிய எண்ணை நீக்காமல், ஐயம் என்று எழுதி வைப்பதுதான் நல்ல காப்பகத்தின் வேலை. நீங்கள் பதிவிறக்கும் கோப்பிலும் அப்படியொரு தரக் குறியீடு இருக்கும். அதைக் கண்மூடி வடிகட்டவும் வேண்டாம், புறக்கணிக்கவும் வேண்டாம்.

கடலுக்கும் இதே கதிதான். கப்பல்கள் பதிந்த கடல் மேற்பரப்பு வெப்பநிலையில் 1945-ல் திடீரென்று ஒரு வீழ்ச்சி தெரியும். உண்மையில் கடல் குளிர்ந்துவிடவில்லை. போர்க்காலத்தில் பதிவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தது. அவர்கள் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் அளந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு ஏறியது; அவர்கள் வாளியில் நீரை மொண்டு மேல்தளத்தில் வைத்து அளந்தார்கள். ஈரம் ஆவியாகும்போது வாளி நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். இந்த விளக்கம் 2008-ல்தான் ஆய்வாக வெளிவந்தது. எந்த நாட்டுக் கப்பல், எப்படி அளந்தது என்ற துணைக் குறிப்புகள் எண்களோடு சேர்த்துப் பாதுகாக்கப்படாமல் போயிருந்தால், அந்தப் போலி வீழ்ச்சி புரியாத புதிராகவே இருந்திருக்கும்.

காப்பகத்தில் இருப்பவை எல்லாம் கணினிக்கு வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1964-ல் ஒரு மாதம்கூட இயங்காத நிம்பஸ்-1 எடுத்த படங்கள் பல பத்தாண்டுகள் படச்சுருள்களிலேயே கிடந்தன. அமெரிக்காவின் தேசியப் பனி மற்றும் பனிக்கட்டித் தரவு மையம் அவற்றை எண்ணிமமாக்கி மீட்டபோது, அந்தச் செப்டம்பரில் அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடற்பனியின் பரப்பு நமக்குத் தெரியவந்தது. செயற்கைக்கோள்கள் நுண்ணலை மூலம் கடற்பனியைத் தொடர்ச்சியாகப் பதியத் தொடங்கியதே 1978-ல்தான். 2020-ல் பிரிட்டனில் பொதுமுடக்கத்தின்போது, கையால் எழுதிய பழைய மழைப் பதிவேடுகளைச் சுமார் 16,000 தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்தார்கள். அப்படி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் கணினிக்கு வந்தன; அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்டவை சரிபார்க்கப்பட்டுப் பொதுப்பயன்பாட்டுக்கு வந்தன. மிகப் பழையது 1677-ஐச் சேர்ந்தது. இந்த மாதிரிப் பணிகளில் யார் வேண்டுமானாலும் சேரலாம், பட்டம் தேவையில்லை. தரவைப் பயன்படுத்தும் ஆர்வம் உள்ளவர்கள் ஒரு முறையாவது இதில் கைகொடுத்தால், ஒரு எண்ணைப் பதிவதில் எத்தனை முடிவுகள் அடங்கியிருக்கின்றன என்பது விளங்கும்.

உங்களுக்கு என் யோசனை: நிரல் மொழி கற்ற பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். குறைந்தது 30 ஆண்டு அன்றாட மழைப்பதிவு உள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்துக்கான ஈஆர்ஏ5 கட்டத்தின் மழையையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் மாத மொத்தமாக மாற்றி ஒரே வரைபடத்தில் போடுங்கள். சாதாரண விரிதாள் மென்பொருளே போதும். எந்தப் பதிப்பை, எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்று குறித்து வையுங்கள், ஏனெனில் ஈஆர்ஏ5-ன் கடைசிச் சில மாதங்கள் தற்காலிகமானவை, பின்னர் திருத்தப்படக்கூடும். இரு கோடுகளும் ஓர் ஆண்டிலிருந்து நிரந்தரமாக விலகத் தொடங்கினால், நிலையத்தின் வரலாற்றுக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்: மழைமானி இடம் மாறியதா, கருவி மாறியதா, அளக்கும் நேரம் மாறியதா? குறிப்பில் எதுவும் இல்லையென்றால் அருகிலுள்ள மற்றொரு நிலையத்தின் பதிவையும் ஈஆர்ஏ5-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே விலகல் இருந்தால் சந்தேகம் கணினி மாதிரியின் பக்கம் திரும்ப வேண்டும்.