கலியாண கார்டுக்குக் கையெழுத்து எழுத்துரு சரிவருமா?

"மகளின் கலியாண கார்டை முழுவதும் கையெழுத்துப் போன்ற எழுத்தில் அடிக்கலாம் என்கிறார் அச்சக ஏஜென்ட். மாதிரியை வேர்ட் ஃபைலாகக் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். வெறும் இங்கிலிஷ் எழுத்தாக வந்ததாம். என்ன செய்வது?"
- களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தகப்பன்

முழுக் கார்டையும் அப்படி அடிக்காதீர்கள். மணமக்கள் பெயருக்கு மட்டும் போதும். ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருக்களில் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். தமிழில் பெரும்பாலும் தனித்தனியேதான் நிற்கும். சாய்வும் சுழியின் வளைவும்தான் கைப்பட எழுதிய தோற்றத்தைத் தரும். பெரிதாக இருந்தால் அழகு. சிறிதாக்கினால் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும், ரகரத்தின் கால் மழுங்கி அரவு (ா) போலத் தெரியும். பொன் நிறத்தில் அடித்தால் இன்னும் மோசம். இலக்கங்கள் அதைவிட ஆபத்து: 10.47 முகூர்த்தம் 10.41 ஆகிவிடும். நேரம், மண்டபம், தொலைபேசி இலக்கம் எல்லாம் நிமிர்ந்த சாதாரண எழுத்தில் இருக்கட்டும்.

தம்பிக்கு வந்த கோலத்துக்குக் காரணம் பாமினி வகை எழுத்துரு. திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதே எழுத்துரு தம்பியின் கணினியில் இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் பொதுக் குறியீடு யுனிகோட்; அதில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. நம் அச்சகங்கள் பல இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகின்றன. அதற்கு யுனிகோட் தெரியாது. கந்தோரிலிருந்தே பாமினியில் படிவம் வருகிறபோது அச்சகத்தை மட்டும் ஏசி என்ன பயன்?

ஒரு விதிவிலக்கு உண்டு. கார்ட் அச்சுக்கு மட்டும் என்றால் பாமினியும் பாதகமில்லை. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் எங்கே திறந்தாலும் சரியாகத் தெரியும், தம்பியும் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும், அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் பழையபடி ஜேயும் கேயும்தான். பதிக்காத பிடிஎஃப் என்றால் பார்க்கவும் முடியாமல் போகலாம். ஆகவே பிடிஎஃப் என்றதும் திருப்திப்படாமல், "பதித்ததா?" என்று கேளுங்கள்.

சரி, ஏஜென்ட். 'ஸ்பெஷல் ஃபொண்ட்' என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' என்ற சாய்ந்த கையெழுத்து எழுத்துரு கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. யுனிகோட் எழுத்துரு; கார்டுக்கும் போடலாம், கடைப் பலகைக்கும் போடலாம். அப்புறம் இன்னொரு தந்திரம்: எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, "இனித் திருத்த ஏலாது, புதிதாக அடிக்க வேண்டும்" என்று இரண்டாவது பில் நீட்டுவார்கள். என்னிடமும் ஒருவர் அப்படி வாங்கியிருக்கிறார். கார்டின் வாசகத்தை நீங்களே போனில் தட்டி அனுப்புங்கள். போனில் அடிப்பது யுனிகோட்தான், பிரதியும் உங்கள் கையில் இருக்கும்.

புரூஃபைப் போன் திரையில் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். உண்மையான அளவில், அதே தாளில் ஒன்று அடிக்கச் சொல்லி, வீட்டில் கண்ணாடி போடுகிற பெரியவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பெயரில் அவர் தடுக்கினால் எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள்.