ஃபேடர் முன் இரண்டு வாரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வானொலி குறித்த உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு வயது 24. கணிதம் படித்தேன். இரண்டு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. குரல் நன்றாக இருக்கிறது என்று பள்ளி நாளிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி 11 நிமிட டெமோ ஒன்று பதிவுசெய்து ஐந்து நிலையங்களுக்கு அனுப்பினேன். நான்கு பேர் பதிலே போடவில்லை. ஐந்தாவது நிலையம் அழைத்தது, ஆனால் பேசுவதற்காக அல்ல. இரவில் கன்சோலை, அதாவது பாட்டையும் பேச்சையும் கலந்து வெளியே அனுப்பும் பலகையை, பார்த்துக்கொள்ள ஆள் தேவையாம். இரண்டு வாரம் வந்து பழகுங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். ஒருநாள் போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நான்கு வினாடி வெறுமையாகப் போய்விட்டது. கை நடுங்கியது.

பேச ஆசைப்பட்டு வந்த நான் இந்த வேலையை ஏற்றால் பொத்தான் அழுத்தியே தேங்கிப் போய்விடுவேனா? டெமோவையும் இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

ஏற்றுக்கொள்ளுங்கள். வானொலியில் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை, அதைக் கற்றுத் தரும் இடம் கன்சோல். இரவு நேரத்தில் கேட்பவர்கள் குறைவு, ஒலிபரப்புக் கூடத்தில் ஆட்களும் குறைவு. தவறு செய்து திருத்திக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு புதியவர்களுக்கு அமைவது அரிது.

முதலில் அந்த நான்கு வினாடி. நடந்தது அநேகமாக இதுதான்: பாட்டு முடிவதைக் காதால் கேட்டபிறகு அடுத்த பாட்டைத் தேடியிருப்பீர்கள். ஒன்று ஓடத் தொடங்கியதுமே அடுத்தது தயாராக நிற்க வேண்டும். கடைசி 15 வினாடியில் கண் நேரத்தின் மேலும் விரல் பொத்தானின் மேலும் இருக்கட்டும். பல பாடல்கள் சட்டென்று நிற்காமல் தேய்ந்து முடிகின்றன. தேயத் தொடங்கும் இடத்திலேயே அடுத்ததை எழுப்பினால் இடைவெளிக்கு இடமே இல்லை. ஒலிபரப்பு மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு குறிகள் வைத்திருப்பார்கள்: பல்லவி தொடங்கும்வரை எத்தனை வினாடி இசை, முடிவில் எந்த இடத்தில் அடுத்ததற்குத் தாவலாம். இந்த இரண்டையும் பார்க்கப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும். நான்கு வினாடி மௌனத்தால் நிலையம் கவிழ்ந்துவிடாது. மௌனத்தைக் கண்டறியும் கருவியைப் பெரும்பாலும் அதைவிட நீண்ட நேரத்துக்கே அமைத்திருப்பார்கள். அது தாண்டினால் மாற்று ஒலி தானாக ஓடத் தொடங்கும். உங்கள் நிலையத்தில் அது எத்தனை வினாடி என்று பொறியாளரிடம் கேட்டு வையுங்கள்.

கன்சோலின் படத்தை நீங்களே ஒரு தாளில் வரையுங்கள். ஃபேடர் என்பது ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் நகர்த்தும் பிடி. எந்த ஃபேடர் எந்த மைக், எது பாட்டு, எது தொலைபேசி என்று எழுதுங்கள். ஒவ்வொரு ஃபேடரின் ஒலியையும் குறைந்தது இரண்டு வழியாக அனுப்ப முடியும். ஒன்று வெளியே ஒலிபரப்பாகும் வழி. மற்றது உங்கள் காதுக்கு மட்டும் வரும் ‘கியூ’. புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான் பிறக்கிறது. அடுத்த பாட்டைச் சோதித்துப் பார்க்க நினைத்து, கியூவை அழுத்தாமல் ஃபேடரைத் தூக்கிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் மேல் இன்னொரு பாட்டு வெளியே போய்விடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கியூவில் கேட்பதை வெளியே போவதாக நம்பி உட்கார்ந்திருப்பார்கள், வெளியே மௌனம். ஹெட்போனில் நீங்கள் கேட்பது எந்த வழி என்பது ஒவ்வொரு கணமும் தெரிந்திருக்க வேண்டும்.

கணிதம் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பின்னோக்கிக் கணக்கிடுவது உங்களுக்குச் சுலபமாக வரும். சரியாக 10:00:00க்குச் செய்தி தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பாட்டு 4 நிமிடம் 12 வினாடி, முடிவுரை 20 வினாடி, ஜிங்கிள் என்னும் நிலையத்தின் அடையாள இசை 8 வினாடி. மொத்தம் 4:40. அப்படியானால் பாட்டு 9:55:20க்குத் தொடங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய பாட்டு 9:54:30க்கு முடிந்தால், அறிவிப்பாளருக்கு 50 வினாடிதான் உண்டு. அவர் ஒன்றரை நிமிடம் பேசினால் 40 வினாடி மிகும். அது பாட்டின் கழுத்தில் விழும். இதைத் தாளில் போட்டு அவர் பார்க்கும்படி நீட்டுகிறவர், கூடத்தில் எல்லோருக்கும் தேவைப்படுகிறவர் ஆகிவிடுகிறார்.

இன்னொரு உத்தி உண்டு. 3 நிமிடம் ஓடும் வாத்திய இசை ஒன்றை, ஃபேடரைக் கீழே வைத்தபடி 9:57:00க்கு ஓட விடுங்கள். வெளியே எதுவும் கேட்காது. அறிவிப்பாளர் 9:59:10க்குப் பேசி முடித்தாலும் 9:59:25க்கு முடித்தாலும் அப்போது ஃபேடரை மெல்ல உயர்த்தினால் போதும், இசை தன் இயல்பான முடிவில், சரியாகப் பத்து மணிக்கு நிற்கும். கேட்பவருக்கு அது மாயம்போல இருக்கும். பிபிசி 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிபரப்பும் கிரீனிச் நேரக்குறியில் ஆறு ஒலிகள். இப்போது அதில் கடைசி ஒலி மட்டும் நீளம், அது தொடங்கும் கணமே மணி. அந்த ஒலிகளின் மேல் யாராவது பேசிவிட்டால் அங்கே அதைப் பிழையாகவே கருதுவார்கள். வினாடிக்கு இந்தத் தொழில் தரும் மதிப்பு அப்படி.

இனி டெமோ. முழுவதையும் இரண்டு முறை கேட்டேன். குரல் நன்றாகவே இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் முதல் 40 வினாடி வரவேற்பு இசையிலும் வணக்கத்திலும் போய்விட்டது. நிலையங்களில் டெமோ கேட்பவர் அதற்குள் அடுத்ததற்குப் போயிருப்பார். 11 நிமிடம் மிக நீளம். இரண்டரை நிமிடம் போதும். உங்களுடைய மிகச் சிறந்த 20 வினாடி முதலில் வரட்டும். பாட்டுகளின் நடுப்பகுதியை வெட்டிவிடுங்கள், தொடக்கமும் முடிவும் மட்டும் இருந்தால் போதும். நீங்கள் பாட்டுக்குள் எப்படி நுழைகிறீர்கள், எப்படி வெளியே வருகிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். இரண்டு லிங்க் (பாட்டுகளுக்கு நடுவே பேசும் சிறு பேச்சு), 30 வினாடிச் செய்தி, ஒரு விளம்பர வாசிப்பு, ஒருவரிடம் கேள்வி கேட்டு அவர் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கும் ஒரு துண்டு. இவ்வளவுதான். நடிகர்களின் குரலில் பேசிய பகுதியை எடுத்துவிடுங்கள், அது உங்களைக் காட்டவில்லை. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் மாதமும் இருக்கட்டும். ‘இறுதி புதியது 2’ என்று வருவதை யாரும் தேடி எடுக்க முடியாது.

2:10இல் ‘பாருங்கள்’ என்ற சொல்லில் ‘பா’ வெடிக்கிறது. ‘ப’ சொல்லும்போது வாயிலிருந்து கிளம்பும் காற்று நேராக மைக்கில் மோதுகிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் 30, 40 பாகை பக்கமாகத் திருப்பி, வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். அந்தத் தூரத்தை மாற்றவே கூடாது. தூரம் பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் ஏறும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக்குகளில் நெருங்க நெருங்க அடித்தொனியும் பெருகும். உங்கள் பதிவின் ஐந்தாம் நிமிடத்தில் குரல் திடீரென்று கனத்து வருவது உணர்ச்சியால் அல்ல, தாளைப் படிக்கக் குனிந்திருக்கிறீர்கள். தாளைக் கண் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டால் சரியாகும். அளவைப் பொறுத்தவரை, டிஜிட்டல் மீட்டரில் பேச்சு −18 டெசிபலை ஒட்டி ஓடி, உச்சம் −9ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடையும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. ஹெட்போனில் உங்கள் குரலை அதிகமாக வைக்காதீர்கள். தன் குரல் பெரிதாகக் கேட்டால் நம்மை அறியாமலே குரலைத் தணித்துப் பேசத் தொடங்கிவிடுவோம்.

செய்தி வாசித்த பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த வரி இது: “நேற்று பெய்த கனமழையால் ஏற்பட்ட வெள்ளத்தில் சேதமடைந்த பாலத்தைச் சீரமைக்கும் பணிகளைத் துரிதப்படுத்துமாறு பொறியாளர்களுக்கு அமைச்சர் உத்தரவிட்டுள்ளார்.” தாளில் இதில் பிழையில்லை. காதுக்கோ இது சுமை. வினைமுற்று வரும்வரை கேட்பவர் மழை, வெள்ளம், பாலம், பணி, பொறியாளர் என்று எல்லாவற்றையும் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பிப் போய்ப் படிக்க அவருக்கு வழியில்லை. இப்படிப் பிரித்துப் பாருங்கள்: “சேதமடைந்த பாலத்தை விரைந்து சரிசெய்யும்படி அமைச்சர் உத்தரவிட்டிருக்கிறார். நேற்றைய கனமழையில் வந்த வெள்ளம்தான் பாலத்தைச் சேதப்படுத்தியது.” மூச்சு விடவும் இடம் கிடைக்கிறது. எண்களும் அப்படித்தான். 1,47,386 என்பதை அப்படியே வாசித்தால் ஒருவர் மனதிலும் நிற்காது. ‘ஏறத்தாழ ஒன்றரை லட்சம்’ போதும் என்றால் அதையே எழுதி வையுங்கள். அயல்பெயர் வந்தால் உச்சரிப்பை முன்பே கேட்டு, தமிழில் அசை பிரித்துத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மைக் திறந்த பிறகு யோசித்தால் பெயர் நிச்சயம் தடுக்கும்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கில ஒலிபரப்புக்குச் சொல்லப்படும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கணக்கு பொருந்தாது. ஒரு பக்கத்தை இயல்பான வேகத்தில் மூன்று முறை வாசித்து, ஒரு நிமிடத்துக்கு உங்களுக்கு எத்தனை வரி ஆகிறது என்று பாருங்கள். பிறகு பிரதியைக் கண்ணால் பார்த்தே நேரம் சொல்லிவிடலாம்.

பேச வாய்ப்பு கிடைக்கும்போது, மைக்கைத் திறப்பதற்கு முன் உங்கள் கடைசி வாக்கியம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். தொடக்கம் தடுமாறினால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். முடிவு தெரியாமல் சுற்றினால் அலைவரிசையை மாற்றிவிடுவார். ஒரு லிங்கில் ஒரு விஷயம் போதும். ‘அன்பு நேயர்களே’ என்று கூட்டத்தைப் பார்த்து அழைப்பதைவிட, ‘நீங்கள்’ என்று ஒரே ஒருவரிடம் பேசுங்கள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

மைக் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் பதிவுசெய்யும் வசதி பல நிலையங்களில் உண்டு. உங்கள் பதிவை மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நீங்கள் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும், சொன்னது விழாது. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடத்தை ஒரு சொல் விடாமல் எழுதிப் பாருங்கள். டெமோவில் நீங்கள் பேசிய பகுதியில் இரண்டு நிமிடத்தை அப்படி எழுதியபோது ‘வந்து’ 14 முறையும் ‘ஓகே’ 6 முறையும் வந்தன. எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும், அந்த வெட்கம் நல்லது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்த முயன்றால் பேச்சு விறைத்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள்.

தொலைபேசி நிகழ்ச்சியில் அழைப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்டால் அவரால் பேச முடியாது. அதனால் அவருக்கு எல்லா ஒலியும் போகும், அவர் குரல் மட்டும் போகாது. அந்த இணைப்பு சரியாக இருக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு முன்பே ஒருவரை அழைக்கச் சொல்லிப் பாருங்கள். அவரிடம் வீட்டு வானொலியை அணைக்கச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டால் ஒரே வாக்கியத்தில் திருத்திவிட்டுக் கடந்து போங்கள், நான்குமுறை மன்னிப்பு கேட்டால் பிழைதான் நினைவில் நிற்கும். மைக் மூடியிருக்கிறது என்று ஒருபோதும் நம்பாதீர்கள், சிவப்பு விளக்கு எரியாவிட்டாலும். மரணச் செய்தி, விபத்துச் செய்தி, ஒருவர்மேல் குற்றச்சாட்டு, இவற்றை அலைபேசியில் பார்த்ததும் வாசிக்காதீர்கள். ஆசிரியர் பொறுப்பில் உள்ளவர் ஒப்புதல் தரட்டும்.

பேச எப்படிக் கேட்பது? பெரிய நிகழ்ச்சி கேட்காதீர்கள். இரவில் பாட்டுகளுக்கு நடுவே நேரமும் வானிலையும் சொல்ல 10 வினாடி கேளுங்கள். விடுமுறை நாளில் ஆள் வராதபோது உட்காரத் தயார் என்று முன்பே சொல்லி வையுங்கள். அந்த நாள் கட்டாயம் வரும், அப்போது கன்சோல் தெரிந்த குரலைத்தான் உட்கார வைப்பார்கள்.

அலுவலக வேலையை இப்போதே விட வேண்டாம். இரவு வேலையும் பகல் வேலையும் இரண்டு வாரம் தாங்கும், இரண்டு மாதம் தாங்காது. தூக்கம் குறைந்தால் முதலில் கெடுவது குரல். அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: பழகும் இரண்டு வாரத்துக்கு ஊதியம் உண்டா, வாரத்துக்கு எத்தனை இரவு, வேலை நேரம் முடிந்தபின் காலியாக இருக்கும் கூடத்தில் பேசிப் பதிவுசெய்துகொள்ள அனுமதி உண்டா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் புது டெமோவை அங்கேயே பதிவுசெய்து அனுப்புங்கள், இரண்டரை நிமிடத்துக்குள். கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.