அப்பாவின் கேசட்டுகளை எதில் ஏற்றுவது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். அப்பா காலமான பிறகு பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். உள்ளே முந்நூறு கேசட்டுகளாவது இருக்கும். பாதி கச்சேரிகள்: சபாவில் அவரே பதிந்தவை, வானொலியிலிருந்து எடுத்தவை. மீதி கடையில் வாங்கியவை, பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டுகள். சிலவற்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் யூஎஸ்பி கேசட் பிளேயர் போதுமா? எம்பி3 ஆக மாற்றலாமா, இல்லை ஹை-ரெஸ் எனப்படும் உயர் துல்லியப் பதிவு வேண்டுமா? இரைச்சலை ஏஐ நீக்கிவிடுமாமே? கடைசியில் எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றலாம் என்று இருக்கிறேன். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கேசட்டை ஒழுங்காகப் பதிய வேண்டுமென்றால் அது ஓடும் நேரம் முழுவதும் ஓடியாக வேண்டும். சி-90 என்றால் ஒன்றரை மணி நேரம். முந்நூறு கேசட்டுக்கு 450 மணி நேரம். நாளுக்கு ஒன்று என்று விடாமல் செய்தாலும் பத்து மாதம் ஆகும். இப்படிக் கிளம்பிய பலர் இருபதாவது கேசட்டோடு நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதுவரை ஏற்றியவை எல்லாம் எந்தச் செயலியிலும் கிடைக்கிற சினிமாப் பாட்டுகள்.

அதனால் முதலில் பிரியுங்கள். அப்பா சபாவிலும் வீட்டிலும் பதிந்தவைதான் முதல் குவியல். உலகத்தில் அவற்றுக்கு வேறு பிரதி இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து வானொலிப் பதிவுகள். கடையில் வாங்கிய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்ட்ரீமிங் செயலியில் தேடிப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். பெரிய நிறுவனங்கள் வெளியிட்டவை பெரும்பாலும் கிடைத்துவிடும். சிறிய கம்பெனிகள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போட்ட கேசட்டுகளில் எத்தனையோ, சிடியாகக்கூட வராமல் கம்பெனியோடு சேர்ந்து மறைந்துவிட்டன. அப்படி ஒன்று கிடைத்தால் அதுவும் முதல் குவியலுக்குப் போகட்டும். பட்டியல் கொடுத்துப் பதிந்த சினிமாப் பாட்டுகள் கடைசியில். செய்யாமலே விட்டாலும் நஷ்டமில்லை. அப்பா எழுதிய அட்டையை மட்டும் படம் எடுத்து வையுங்கள்.

பிரிக்கும்போதே இன்னொரு வேலை. டேப் வெளியே தெரியும் விளிம்புக்கு எதிர்ப்பக்கத்தில், இரண்டு மூலைகளிலும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

வெள்ளைப் படிவு பெரும்பாலும் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குப் பரணில் இருந்த டேப் இந்த அளவோடு தப்பியதே பெரிது. அந்தக் கேசட்டுகளை மற்றவற்றோடு வைக்காதீர்கள், நல்ல கேசட் டெக்கில் போடவே போடாதீர்கள். டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வைத்து உலர்த்துங்கள். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, போனால் போகிறது என்று வைத்திருக்கும் ஒரு பழைய பிளேயரில் முன்னும் பின்னும் ஒரு முறை மெதுவாக ஓட்டுங்கள். நீங்கள் கேட்ட யூஎஸ்பி பிளேயருக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை இதுதான்.

சரி, ஏன் அதை மற்றவற்றுக்கு வேண்டாம் என்கிறேன்? புதிதாக வரும் மலிவு பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரே மாதிரியான சாதாரண இயந்திரம்தான். மேலே உள்ள பெட்டிதான் வேறு. டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் சீராக ஓட வேண்டும். இவற்றில் ஓடாது. சினிமாப் பாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. வயலினில் நீட்டிப் பிடித்த கார்வை நடுங்கும்போது தெரிந்துவிடும். வித்வான் போடாத கமகத்தை, அதாவது ஸ்வர அசைவை, இயந்திரம் போட்டுவிடும். அப்படிப் பதிவானதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறுகளிலோ வந்த ஒரு டெக்கைத் தேடிப் பிடியுங்கள். சோனி, டெக்னிக்ஸ், யமஹா, டெனான், எதுவானாலும் சரி. முதலில் உறவினர் வீட்டுப் பரணில் கேளுங்கள். பலர் சும்மாவே கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் பாருங்கள், சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் வளாகத்தில் விசாரியுங்கள். வாங்கப் போகும்போது வீணையோ வயலினோ இருக்கும் ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். முக்கியமில்லாத கேசட்டாக இருக்கட்டும், அது சிக்கி நாசமானாலும் ஆகலாம். இத்தனை வருடத்தில் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ உருகிப் பிசினாகவோ ஆகியிருக்கும். பெல்ட்டும் டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையும் மின்னணுச் சாமான் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் கிடைக்கிறதா பாருங்கள். மாற்றத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் அகப்பட்டால் அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். பட்ஜெட்டில் பெரிய பங்கு இந்த இடத்தில்தான் போக வேண்டும்.

ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பழுப்பாக அழுக்கு வரும். குச்சி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். நாலைந்து கேசட்டுக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை. பலன் அதில்தான் அதிகம். அப்பா பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணத்தில் உங்கள் டெக்கின் ஹெட்டும் டேப்பைத் தொட வேண்டும். இதை அசிமுத் என்பார்கள். ஒரு நூல் பிசகினாலும் உச்ச ஒலிகள் காணாமல் போய், கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். டேப் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். ஹெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்றின் அடியில் ஸ்பிரிங் இருக்கும். அதன் இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே சிறிய ஸ்க்ரூடிரைவரால் மிகக் கொஞ்சமாகத் திருப்புங்கள். இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோவில் கேட்டால் வித்தியாசம் நன்றாகப் பிடிபடும். கஞ்சிராவின் சலங்கை ஒலியோ தம்புராவின் ஜீவா தரும் ரீங்காரமோ சட்டென்று தெளியும் இடம் ஒன்று வரும். நிறுத்த வேண்டியது அங்கேதான். ஒரே ரெக்கார்டரில் பதிந்த கேசட்டுகளை ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் திருகைத் தொட வேண்டியதில்லை.

வேகத்தையும் கவனியுங்கள். டெக் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும் (சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்). ஒரு கட்டையில் பாடுகிறவர் என்று ஊருக்கே தெரிந்தவர் உங்கள் பதிவில் ஒன்றரையில் பாடினால் சந்தேகப்படுங்கள். பேட்டரி தளர்ந்த ரெக்கார்டரில் பதிந்த கேசட்டும் இப்படித்தான் ஏறி ஒலிக்கும். சரிசெய்யும்போது சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாமல், வேகத்தை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாற வேண்டும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போக ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஆர்சிஏ லைன் இன் உள்ள சாதாரணமான ஒன்று போதும். லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள், இந்த வேலைக்குத் தாராளம். பதிவு அளவை ஆலாபனை ஓடும்போது வைக்காதீர்கள். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டும் இடம் வரை ஓட்டி, அங்கே உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். கச்சேரிப் பதிவில் அநேகமாக எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்பது ரசிகர்கள்தான்.

ஹை-ரெஸ் கேள்விக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் வேண்டாம். சாதாரண ஃபெரிக் கேசட்டில் இருக்கிற ஒலி வீச்சுக்கு சிடியின் 16 பிட்டே தாராளம். 24 பிட் கேட்பது, அளவைக் கொஞ்சம் தாழ்த்திப் பதிந்தாலும் தரம் குறையாமலிருக்கத்தான். மீடியம் வேவ் வானொலியிலிருந்து பதிந்ததை 192 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுவது விளம்பரக்காரர் பேச்சைக் கேட்டு டிஸ்க்கை நிரப்புகிற வேலை. பதிந்ததை ஃபிளாக்காகச் சேமியுங்கள். ஒரு துளியும் குறையாமல் கோப்பு சுருங்கும். சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்தால்கூட முந்நூறு கேசட்டும் 500 ஜிபிக்குள் அடங்கிவிடும். சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யிலிருந்து பழைய தரத்துக்குத் திரும்ப முடியாது. இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை மடிப்பாக்கத்துக்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இரைச்சல் நீக்கும் ஏஐ பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பழைய பாணி இரைச்சல் நீக்கிகள் மாறாமல் தொடர்ந்து கேட்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். நம் கச்சேரியில் மாறாமல் தொடர்ந்து கேட்பது எது? தம்புரா. டேப்பின் ‘ஸ்ஸ்’ போகும்போது தம்புராவும் கூடவே போய், குரலைச் சுற்றித் தண்ணீருக்குள் சலசலப்பது போல ஒரு சத்தம் மிஞ்சும். புதிய ஏஐ கருவிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் பல, பேச்சிலும் மேற்கத்திய இசையிலும் பழகியவை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கும்கி என்ற கனத்த நாதத்தை அவை என்னவாக எடுத்துக்கொள்ளும் என்று உத்தரவாதமில்லை. வேண்டுமானால் ஒரு பிரதியில் செய்து பாருங்கள். மூலப் பதிவை, இரைச்சலோடும் பக்கத்து ஸீட் மாமாவின் இருமலோடும், அப்படியே வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல கருவி வரும். அதற்குக் கொடுக்க மூலம் வேண்டும்.

இப்போது யூடியூப். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கச்சேரிப் பதிவில் பல பேருடைய உரிமை அடுக்கடுக்காக இருக்கிறது. உருப்படிக்கு, அதாவது பாடலுக்கு, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனை பொதுச் சொத்து. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் கலைஞர் உரிமை தனி. அது கச்சேரி நடந்த வருடத்துக்குப் பிறகு 50 ஆண்டு. 1995 மார்கழியில், டிசம்பரில் பாடியதற்கு 2045 முடிய வேண்டும். நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. வானொலியிலிருந்து எடுத்தவற்றில் ஒலிபரப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை. அதோடு கலைஞர் உரிமையும் சேரும்.

சொந்த உபயோகத்துக்காகப் பதிந்து வைத்துக் கேட்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்பா செய்ததும் நீங்கள் டிஜிட்டலாக மாற்றுவதும் அதில் அடங்கும் என்றே நினைக்கிறேன். பொதுவில் ஏற்றுவது அடங்காது. ‘ரசிகர்களுக்காக, லாப நோக்கமின்றி’ என்று கீழே எழுதி வைத்தாலும் மாறாது. வித்வானின் குடும்பத்தாரிடம் கேளுங்கள். தங்களிடமே இல்லாத கச்சேரி என்றால் பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், ஒரு பிரதியும் கேட்பார்கள். பக்கவாத்தியக்காரர்களை மறந்துவிடாதீர்கள். மியூசிக் அகாடமி போன்ற இடங்களில் டிஜிட்டல் இசைக் காப்பகம் இருக்கிறது, அங்கே விசாரிப்பதும் நல்லது.

யாரிடம் கேட்பது என்று தெரிய முதலில் யார் பாடினார்கள் என்று தெரிய வேண்டுமே. அட்டையில் ‘கே.வி.என்., தோடி, தனி இல்லை’ என்று மட்டும் இருக்கும் (கே.வி. நாராயணசாமி பாடியது, தோடி ராகம், தனி ஆவர்த்தனம் பதிவாகவில்லை என்று பொருள்). எந்த சபா, எந்த வருடம், யார் வயலின் என்பது அப்பாவோடு கச்சேரிக்குப் போன நண்பர்களுக்குத்தான் தெரியும். டெக் வாங்கும்வரை காத்திருக்காமல் அவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள், அட்டைகளின் படத்தைக் காட்டுங்கள், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியாது, கடையில் கொடுத்துவிடுகிறேன் என்றாலும் சரிதான். ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஃபிளாக்கோ வேவோ தருவார்களா, அசிமுத் சரிபார்ப்பார்களா, இரைச்சல் நீக்காத மூலம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரக் கேசட்டை அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.