தாத்தா செய்த பாவத்துக்கு நான் அறிக்கையிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் ‘முன்னோர் பாவங்களை அறிக்கையிடுங்கள்’ என்கிறார் போதகர். வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 18-ல் ‘குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை’ என்று இருக்கிறதே. நான் செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகாதா?

பதில்: வசனத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதே அதிகாரத்தின் 2-ம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். ‘பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின’ என்று ஒரு பழமொழி ஜனங்களின் வாயில் புழங்கியது. அப்பன் தின்றதற்கு என் பல் கூசுகிறது, நான் என்ன செய்ய என்று கைவிரிக்கும் பேச்சு அது. அதற்குத்தான் எசேக்கியேல், உன் கணக்கு உன்னுடையது, நீ திரும்பு என்கிறார். முன்னோரைப் பற்றி வாயே திறக்காதே என்று அவர் சொல்லவில்லை.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேம் அழிந்து சுமார் 140 ஆண்டுகள் கழித்து, சூசான் அரண்மனையில் பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக, அதாவது திராட்சரசம் பரிமாறுபவராக, இருந்தவர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கும் செய்தி வந்ததும், ‘நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்’ என்று அழுகிறார் (1:6). நகரம் விழுந்தபோது அவர் பிறக்கவேயில்லை. ஆனாலும் ‘அவர்கள்’ என்று தள்ளி நிற்கவில்லை.

அந்த ‘நானும்’ வெறும் மரியாதைப் பேச்சா என்பது 5-ம் அதிகாரத்தில்தான் தெரிகிறது. எனக்கு அந்த அதிகாரத்தின் மேல் தனிப் பிரியம். ஆனால் அலங்கம் கட்டியதைப் பற்றிப் பிரசங்கிக்கிற அளவுக்கு இதை யாரும் தொடுவதில்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அடிமைப்படுத்த வேண்டிய நிலை. பிரபுக்களைக் கண்டித்த கையோடு நெகேமியா, நானும் என் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். நிலம், திராட்சத்தோட்டம், வீடு, வட்டியாக வாங்கிய நூற்றுக்கொன்று எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லி, அப்படியே செய்வோம் என்று அவர்களிடம் சத்தியமும் வாங்குகிறார்.

ஆகவே குற்றம் வேறு, பந்தம் வேறு. ‘நான் செய்தேன்’ என்று சொன்னால் பொய்தான். ‘எங்கள் வீட்டில் இது நடந்தது, அதன் பலனை நானும் அனுபவிக்கிறேன்’ என்பது உண்மை. இரண்டாவதைத்தான் நீங்கள் ஜெபத்தில் சொல்ல வேண்டும். ‘தேசத்தின் பாவங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருக்காரர்களின் பாவத்தை மட்டும் பட்டியல் போடுகிற ஜெபத்துக்கு நீங்கள் ஆமென் சொல்லாவிட்டாலும் தப்பில்லை.

ஒன்று, யாராவது உங்கள் பிள்ளையின் நோய்க்கு முன்னோர் பாவமே காரணம் என்றால் யோவான் 9:3-ஐக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பற்றி இயேசு, அது அவன் பாவமுமல்ல, பெற்றவர்கள் பாவமுமல்ல என்று நேராகவே சொல்லிவிட்டார்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அடமானத்துக்கு வந்த நிலத்தை மீட்கவிடாமல் தாத்தா எழுதி வாங்கினார் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால், பெயரும் சர்வே எண்ணும் சொல்லி ஜெபியுங்கள். பிறகு எண்ணாகமம் 5:7-ஐ எடுங்கள். தவறு செய்தவன் அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் செய்தவனுக்குத்தான். பேரனை அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பத்திரம் இப்போது உங்கள் பீரோவில் இருக்கிறது, எழுதிக் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள் என்றால், ஜெபம் முடிந்ததும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.